பெயின்ட் கடை வாசலில் இரண்டு பிளக்குகள்

கெமியார்வியில் பெயின்ட் கடை ஒன்றுதான்,
நிறம் கலக்குகிறவள் நான் ஒருத்திதான்.
அதனால் என்னிடம் வந்தான் இல்ப்போ,
ரொட்டிப் பையில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளோடு.
"ராய்லி, இது ரெண்டும் என்ன நிறம்?"

ரயில் ஓட்டப் போனவனை இருபது வயதில்
சிக்னல் விளக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டது.
சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒட்டிப் பிறந்தவை.
பழுப்பு, எங்கோ பார்த்த முகம், பெயர் வராது.
அப்படிப்பட்டவன் வாங்கியிருக்கிறான்
எழுபத்திரண்டாம் வருஷத்து ஹோண்டா ஒன்றை.
இரட்டைச் சிலிண்டர், ஆளுக்கொரு கார்புரேட்டர்.
கையேடு சொல்கிறதாம்:
பிளக் கறுத்திருந்தால் மிதமிஞ்சிக் குடிக்கிறது,
வெளுத்திருந்தால் பட்டினி கிடக்கிறது,
மாநிறமாக இருந்தால் கைவைக்காதே.

குழல்விளக்கு பொய் சொல்லும்.
வாசலுக்கு எடுத்துப் போனேன்.
ஜூன் மாதம், கடை பூட்டியும் பகல் மிச்சமிருந்தது.
"வலது, பால் தாராளமாய் விட்ட காபி.
இடது, வெள்ளை முட்டையின் ஓடு.
சுத்தமாய், அழகாய் இருக்கிறது."
அழகு என்றதும் அவன் முகம் விழுந்தது.

பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வந்தான்.
ஏரிச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் முழு முறுக்கில் விரட்டி,
கிளட்சைப் பிடித்து, எஞ்சினை அணைத்து,
சத்தமில்லாமல் உருண்டு நின்று,
சூடு ஆறுமுன் கழற்றிய பிளக்குகள்.
இடப்பக்க ஜெட்டை மாற்றினான்,
நூற்றைந்து, நூற்றுப்பத்து, நூற்றுப்பதினைந்து;
மயிர்க்கால் அளவுத் துளையுள்ள பித்தளைப் பொடிசுகள்.
நான் சொன்னது ஒன்றேதான்:
முட்டை ஓடு.
முட்டை ஓடு.
ஐந்தாவது வெள்ளி
மழையில் நனைந்து நின்றான்.
"கொஞ்சம் பழுத்திருக்கிறது" என்றேன்.

அந்தச் சொல்லை நம்பி
ரோவனியெமி வரைக்கும் போனான்.
திரும்பி வந்தது மரலாரி மேல், வண்டி படுத்தபடி.

திட்டவில்லை. பையைக் கவிழ்த்தான்.
இடது பிளக்கின் வெண்பீங்கானில்
உப்புத் தூவியதுபோல் ஏதோ மினுங்கியது.
"இது எனக்கே தெரிகிறது" என்றான்.
"பிஸ்டன். உருகித் தெறித்திருக்கிறது."

முதல்முறையாக அவன் கொட்டகைக்குப் போனேன்.
மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்,
வாய் வராமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எஞ்சின் தெரியாது எனக்கு;
கறுப்பு தெரியும், பதினொரு வகை.
கார்புரேட்டரைச் சிலிண்டரோடு சேர்க்கும் ரப்பர்க் கழுத்தில்
வலது, தார்க் கறுப்பு.
இடது, வெயில் தின்ற கறுப்பு,
அதன் அடிப்பக்கம் இழைபோல ஒரு சாம்பல் கோடு.
விரலால் மடக்கினேன்.
கோடு வாய் திறந்தது.

கோடை முழுக்க அந்த வாய்
காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது;
நாங்கள் பெட்ரோலை எண்ணிக்கொண்டிருந்தோம்.

புது ரப்பர், புது பிஸ்டன்.
செப்டம்பரில் பிர்ச் மரங்கள் மஞ்சளாயின.
மஞ்சள் அவனுக்குத் தெரியும்,
அந்த வாரம் மட்டும் ஊரே தெரியும் என்பான்.
மறுபடி ரொட்டிப் பை.
இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லை,
கையேட்டு நிறம் முழுசாக ஏறாது;
பீங்கானின் அடியில், உள்ளே,
ஒரு வளையம் மட்டும் விழுமாம்.
பூதக்கண்ணாடியோடு வாசலுக்கு வந்தேன்.

"இருக்கிறதா?"
இருந்தது. ஏதோ ஒரு வளையம்.
"என்ன நிறம்?"
நிற அட்டைக் கட்டைப் பிரித்தேன்,
மூடினேன்.
ஏரி மேல் ஒரு மேகம் வந்திருந்தது.
"அது விலகட்டும், இல்ப்போ."
அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டான்.
ஆளுக்கொரு பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு
நின்றோம்.